பிலோமினாவின் மரணத்தை இருமுறை அறிவித்தேன்

ஒலிபெருக்கித் தொழிலைப் புதிதாகக் கையேற்றிருக்கும் தம்பிமாருக்கு,

பிலோமினாவின் நல்லடக்கத்தன்று கல்பிட்டிக் கரையில் நீங்கள் மனம் புண்பட்டு நின்றதை நான் கண்டேன். அவருடைய பாடல்களுள் மிகச் சிறந்ததொன்றைத் தெரிந்தெடுத்து, இரைச்சல் நீக்கி, மரண அறிவித்தல் முடிந்த கணத்திலேயே அது கரையெங்கும் ஒலிக்கும்படி ஆயத்தம் செய்திருந்தீர்கள். அதன் பின்னே இருந்த அன்பை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் அறிவித்தல் தொடங்குவதற்கு முன் உங்கள் கருவியிலிருந்து இணைப்பு வயரைக் கழற்றி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டீர்கள். பிறகு சொல்வதாகக் கூறினேன். வாயால் சொல்லி முடிகிற கதை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் அறிந்த பிலோமினா, கொழும்பின் பெரிய மைதானங்களில் மின் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானே எழுதிய பாடல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் முழங்கியவர். அவர் மேடையேறினால் முன்வரிசையில் கதிரை போடுவது வீண், எவரும் அமர்வதில்லை. நான் முதலில் அறிந்த பிலோமினாவோ, வள்ளக்காரர் ஒருவரின் மகள். தாயார் கருவாடு காயவைத்து விற்பவர். பெண்பிள்ளைக்குக் கித்தார் என்னத்துக்கு, பாரை மீனை மடியில் வைத்துத் தட்டுவதுபோல் இருக்கிறதே என்று ஊரார் பகிடி செய்த காலம் அது. அவர் அதற்கும் சிரித்துவிட்டு, அந்தப் பகிடியையே அடுத்த பாட்டில் வைத்துவிடுவார்.

மாதா கோயில் திருவிழா ஒன்றில்தான் அவருக்கு நான் முதன்முதலில் மைக் கட்டினேன். அவர் பாடத் தொடங்கிய சற்று நேரத்தில் என் ஒலிபெருக்கி ஊளையிட்டது. எமது தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. சத்தத்தைக் குறைக்க நான் பாய்ந்தபோது அவர் மேடையிலிருந்து கையைக் காட்டித் தடுத்தார். ஒரு கணம் தலையைச் சாய்த்து அந்த ஊளையைக் கேட்டார். பின்னர் அதே சுருதியைத் தன் தொண்டையில் பிடித்து, அங்கிருந்தே பாட்டை மேலே எடுத்துச் சென்றார். ஊளை எது, குரல் எது என்று பிரிக்க என்னால் இயலவில்லை. சனம் அதைப் பாட்டின் பகுதி என்றே நினைத்துக் கைதட்டியது. இறங்கி வந்தபின், முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் என்னை நானா என்று விளித்து, "நல்லா ஊளையிட்டிச்சு நானா, நாளைக்கும் அப்பிடியே வையுங்க" என்றார். அது நக்கலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ஒன்றை விளங்கிக்கொண்டேன். கையில் அகப்பட்டது எதுவாயினும் அதைக் கொண்டு காரியம் முடிக்கத் தெரிந்தவர் இவர்.

இனி, எனக்குத் தொழில் தந்த முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இரண்டு விடயங்களில் மட்டும் கண்டிப்பானவர். மழைத்துளி விழுந்தால் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். பாடுபவர் மந்திரியின் மகனாயினும் நிறுத்தவேண்டும். இது முதலாவது. மரண அறிவித்தலை மெதுவாக, மூன்று முறை, பெயருக்கு முன்னால் ஒரு மூச்சளவு இடைவெளி விட்டுச் சொல்லவேண்டும். மூன்றாம் முறை முடிந்ததும் உடனே ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும். இது இரண்டாவது. இசைநிகழ்ச்சிக்குப் போகும்போதும் எமது லொறியில் ஒரு பழைய கூம்பு ஒலிபெருக்கியும், கார் பற்றரியில் வேலை செய்யும், ஒலியைப் பெருக்கும் சிறிய அம்ப் கருவி ஒன்றும் எப்போதும் இருக்கும். மரணம் நாள் பார்த்து வருவதில்லை அல்லவா.

அந்தக் கூம்பு ஒலிபெருக்கிக்கு இக்கரையில் இருக்கும் மரியாதையை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதிலிருந்து அந்த இழுவைக் குரல் எழுந்தால் தேங்காய் திருவும் கை நிற்கும். மோட்டார் சைக்கிள் ஓரம் கட்டும். எமது கடலேரியான களப்பில் போகும் படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். காலமானவர் முஸ்லிமா கத்தோலிக்கரா என்பது கணக்கில்லை. யாருடைய பெயர் என்று அறியாமல் ஒருவரும் அப்பால் நகரமாட்டார். பெயர் காதில் விழுந்த பின்னரே இயந்திரம் மறுபடி இயங்கும்.

இப்போது அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன்.

சித்திரை மாதம். கைபேசி வசதியுள்ளவர் கையில் மாத்திரம் இருந்த காலம். பிலோமினாவின் பெயர் கொழும்பில் பரவத் தொடங்கிய பின்னர், சொந்தக் கரைக்கு அவர் கொடுத்த முதலாவது பெரிய நிகழ்ச்சி அது. மாலையில் தொடங்க இருந்தது. களப்பின் வடக்கே உள்ள உச்சமுனைத் தீவுக்கு அவர் தாமே போய் வீடுவீடாக அழைத்திருந்தார். நான் பாடுவதைக் கேட்காமல் ஒருவரும் சாகக்கூடாது என்று கிழவிகளின் கன்னத்தைக் கிள்ளிச் சொல்லிவிட்டு வந்தாராம்.

மேடையைக் கட்டி, ஸ்பீக்கர்களை அடுக்கி, மின்பிறப்பாக்கியை இயக்கிப் பரீட்சித்துக்கொண்டிருக்கையில், தரைப்பக்கம் வானம் கறுத்தது. சித்திரை மழை எச்சரிக்கை செய்து வருவதில்லை. காற்றும் நீரும் ஒன்றாக விழுந்தன. நான் முதலாளியின் சொற்படி மின்பிறப்பாக்கியை நிறுத்தி, எல்லாவற்றையும் தார்ப்பாயினால் மூடினேன். நின்ற இடத்திலிருந்து மேடை தெரியவில்லை. களப்பு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவரொன்று நின்றது.

அந்தச் சுவருக்குள்ளிருந்து சிறு வள்ளமொன்று வந்து கரைதட்டியது. அதில் இருந்தவர்கள் உச்சமுனையார். இறங்கியதும் அவர்கள் கேட்ட முதற்கேள்வி, சூசை அண்ணனின் படகு வந்துவிட்டதா என்பது. தமக்குப் பின்னால் அது வந்துகொண்டிருந்ததாகவும், அதில் பெண்களும் குழந்தைகளும் நிறைய இருந்ததாகவும், மழை மூடியபின் காணவில்லை என்றும் சொன்னார்கள்.

அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அதன் பொருள் விளங்கியது. காற்று கரையிலிருந்து களப்பை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. களப்பின் வாய் மேற்கே திறந்து கிடக்கிறது. திசை தவறிய படகு அந்த வாயால் வெளியேறினால் அப்பால் பெருங்கடல்தான். கடற்படையினருக்கு அறிவிக்க ஒருவர் சைக்கிளில் பறந்தார். இரண்டு பேர் வள்ளம் தள்ளிப் போய், எதையும் காண இயலாமல் திரும்பிவந்தனர். கோயில் மணியை அடித்தார்கள். அது எமது காதுக்கே அரைகுறையாகத்தான் எட்டியது.

பிலோமினா நனைந்தபடி என்னிடம் வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. நான் கூப்பிட்டதால்தானே வந்தார்கள் என்பதை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"நானா, கரண்டைப் போடுங்க. ஸ்பீக்கரெல்லாத்தையும் தண்ணிப் பக்கம் திருப்புவம்."

"ஏலாது தங்கச்சி. மேடையெல்லாம் தண்ணி. மைக்கப் புடிச்ச கையோட போயிருவீங்க."

"போனாப் போறன்."

"நீங்க போனா அவங்களுக்கு ஆரு பாடுற?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தம்பிமாரே, நெருக்கடியில் உங்களிடம் ஒருவர் உயிரைப் பணயம் வைக்கக் கேட்டால், மறுப்பது உங்கள் கடமையின் பாதி மாத்திரமே. அவர் கேட்டதை உயிர்ச்சேதமின்றி எவ்வாறு கொடுப்பது என்று தேடுவது மறுபாதி. அந்த மறுபாதியை அன்று நான் தேடியிருக்காவிட்டால், அவர் என்னைத் தள்ளிவிட்டு மின்பிறப்பாக்கியைத் தாமே இயக்கியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

"பற்றரில வேல செய்யிற சாமான் ஒண்டு ஈக்கிது," என்றேன். "அது மவுத்து அறிவிக்கிற ஹோர்ன்."

அவர் லொறியின் பக்கம் திரும்பினார். "அதுதான் வேணும்," என்றார்.

லொறியின் முகத்தைக் களப்பின் பக்கம் திருப்பி, கூம்பைக் கூரையில் ஏற்றிக் கட்டினோம். அம்ப் கருவியும் பற்றரியும் உள்ளே, ஈரம் படாத இடத்தில். பற்றரி மின்சாரம் ஆளைக் கொல்லாது. மைக்கை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாயருகே கொண்டுபோய், பின் இறக்கிவிட்டார்.

"பாடினாச் சரிவராது நானா. சூசை அண்ணன்ட எஞ்சின் சத்தத்தில பாட்டு விளங்காது. சும்மா ஏதோ ஒரு முழக்கம் கேக்கும். நிகழ்ச்சி தொடங்கிட்டெண்டு நினைச்சு இன்னும் முறுக்குவார். எங்க பாத்து முறுக்குவாரோ தெரியாது. முதல்ல எஞ்சின நிப்பாட்ட வைக்கோணும்."

பின்னர் என் கையில் மைக்கைத் திணித்தார்.

"நீங்க அறிவித்தல் சொல்லுங்க. அந்த இழுவை கேட்டா நிப்பாட்டுவார். பேர் கேக்காம ஒருத்தனும் போகமாட்டான்."

அவருடைய அறிவின் வேகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கூம்பினால் அந்த மழையைத் துளைத்துச் சொற்களை முழுமையாக அனுப்ப இயலாது. ஆனால் மரண அறிவித்தலின் ஏற்ற இறக்கத்தை, சொல் விளங்காவிட்டாலும், இக்கரையில் பிறந்த எந்தச் செவியும் அறியும். யாருடைய பெயரைச் சொல்வது என்று கேட்டேன். முன்னரே காலமான ஒருவரின் பெயரைச் சொல்லலாமா என்றும் கேட்டேன். பழைய பெயர் காதில் பட்டால் யாரோ பகிடி விடுகிறான் என்று உடனே எஞ்சினைப் போட்டுவிடுவார்கள் என்றார். உயிரோடிருக்கும் வேறு ஒருவரின் பெயரைச் சொல்வதோ, அந்த வீட்டின்மேல் மண் அள்ளிப் போடுவதற்கு ஒப்பானது. நாங்கள் இருவரும் அதை அறிவோம்.

"என்ர பேரைச் சொல்லுங்க," என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ மரணங்களை அறிவித்தவன் நான். அந்தக் கூம்பினூடாக ஒரு பொய்யும் சொன்னதில்லை. மரணம் அல்லாஹ்வின் கையில் இருப்பது. உயிருடன் முன்னால் நிற்பவரை இறந்துவிட்டதாகச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

"சொல்லுங்க நானா. சொன்னதுக்கு நான் சாகமாட்டன். சொல்லாட்டி அவங்க செத்துருவாங்க."

சொன்னேன். முதலாளி பழக்கியபடியே மெதுவாக, இழுத்து, பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டு. மரண அறிவித்தல். கல்பிட்டியைச் சேர்ந்த பாடகி. பிலோமினா அவர்கள் காலமானார். அவர் என் முன்னே மழை வழியும் முகத்துடன் நின்று, தன் சாவைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை முடிந்ததும் மைக்கைப் பறித்துப் பாடத் தொடங்கினார்.

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும். 'உப்புக்காத்து குடிச்ச தொண்டை, ஊமையாகச் சொல்லாதே' என்று எடுப்பது. பறையடிபோல் டிரம்ஸும் இடிபோல் கித்தாரும் பின்னால் நிற்க அவர் வழக்கமாகப் பாடுவது. அன்று எதுவும் இல்லை. குரல் மட்டும். எதிரே மழையைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே கேட்பவர்கள் இருக்கிறார்களா, இருந்தவர்கள் இப்போது இல்லையா என்பதும் தெரியாது. எனினும் நிறைந்த மைதானத்துக்குப் பாடுபவர்போலப் பாடினார். முடிந்ததும் முதலடியிலிருந்து மறுபடி எடுத்தார். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் கயிறு வீசுவதுபோல் நீட்டி எறிந்தார். படகைத் தள்ளிக்கொண்டு போனதும் அந்தக் காற்றுத்தான். அவருடைய குரலைக் கொண்டு போனதும் அதே காற்றுத்தான். குரல் உடைந்தது. உடைந்த குரலாலும் பாடினார். நான் பல நாடகங்களுக்கும் கச்சேரிகளுக்கும் ஒலி அமைத்திருக்கிறேன், பெரிய மனிதர்களின் பேச்சுகளுக்கும் அமைத்திருக்கிறேன். ஒரு மனிதத் தொண்டைக்குள் அவ்வளவு இருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

மழையின் அடர்த்தி சற்றுக் குறைந்தபோது, வெள்ளைக்குள் ஒரு கறுப்புத் தெரிந்தது. சூசை அண்ணனின் படகு. இயந்திரத்தைச் சற்றே ஓட்டி, நிறுத்தி, காதுகொடுத்து, மறுபடி ஓட்டி வந்துகொண்டிருந்தார். ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் குழந்தைகளை ஒவ்வொன்றாக வாங்கினர். ஒன்றும் குறையவில்லை.

சூசை அண்ணன் கரையில் குந்திவிட்டார். கரைக்கு வருகிறோம் என்று நினைத்துக் களப்பின் வாயை நோக்கி விரைந்துகொண்டிருந்ததாகவும், அறிவித்தல் காதில் விழுந்துதான் இயந்திரத்தை நிறுத்தியதாகவும், நிறுத்திய பின்னரே அலையின் அடி மாறியிருப்பது தெரிந்ததாகவும், பாட்டு வந்த திக்கைப் பிடித்தே திரும்பியதாகவும் சொன்னார். படகிலிருந்து இறங்கிய கிழவி ஒருவர் பிலோமினாவின் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"நீ செத்துட்டாயெண்டு கேட்டு எல்லாரும் குழறி அழுதம் புள்ள. அழுது முடியல்ல, நீ பாடுறாய். அப்ப நாங்களும் செத்துட்டம் எண்டுதான் நான் நினைச்சன். சரி, போற இடத்திலயும் இவட பாட்டுத்தானா எண்டு இருந்திச்சு."

பிலோமினாவுக்குச் சிரிக்கக் குரல் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அன்று நிகழ்ச்சி நடைபெறவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அறிவித்தல் களப்பை நோக்கித்தான் சென்றது என்று நினைத்திருந்தேன். காற்றுச் சுழன்று வீசியதில் அது ஊருக்குள்ளும் சென்றிருக்கிறது. பிலோமினாவின் தாயார் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். மகளைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். பின்னர் அறிவித்தவன் யார் என்று கேட்டு, கையிலிருந்த குடையினால் என்னையும் லொறியையும் மாறிமாறி அடித்தார். எவரும் தடுக்கவில்லை. விடயம் விளங்கிய பின்னரும் அவர் ஆறவில்லை. சொன்ன வாயாலேயே திருத்திச் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனவே நான் ஊரெங்கும் லொறியைச் செலுத்தி, அதே கூம்பினால், பாடகி பிலோமினா அவர்கள் நலமாக உயிருடன் இருக்கிறார் என்பதை அறியத்தந்தேன். எமது தொழிலில் வேறெவரும் இத்தகைய அறிவித்தல் செய்திருக்கமாட்டார்.

இந்த நிகழ்வை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை. பேட்டி எடுக்க வந்தவர்களுக்கும் சொன்னதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அது சூசை அண்ணனின் கதை, கதைப்பதென்றால் அவர் கதைக்கட்டும் என்றார். சூசை அண்ணனும் தீவாரும் அதைக் குறைவின்றிக் கதைத்தார்கள். பிலோமினா உச்சமுனைக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் கரைக்கு ஓடிவந்து, "செத்த அக்கா வாறா!" என்று கூவுவார்கள். அவரும் கண்ணை மூடி நாக்கை நீட்டிக் காட்டுவார். அதற்குப் பின் பாடாமல் அவரைத் திரும்ப விடமாட்டார்கள். முதலில் சாவு, பின்னர் பாட்டு. அந்தத் தீவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

இவ்வாண்டு அவர் கொழும்பில் நோயுற்றுக் காலமான செய்தி உங்களுக்குக் கைபேசியில் வந்தது. எனக்கும் அவ்வாறே வந்தது. பூதவுடல் சிலாபம் வழியாக வந்தபோது வீதியின் இருமருங்கிலும் சனம் நின்றதை நீங்களே படம் பிடித்தீர்கள். நல்லடக்கத்தன்று காலை அவருடைய தாயார் எனக்கு ஆள் அனுப்பினார். கண் தெரியாது; நடக்க இயலாது. கட்டிலில் சாய்ந்திருந்தபடி என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அண்டைக்குச் சொன்ன நீங்களே இண்டைக்கும் சொல்லுங்க," என்றார். "வேற ஆள் சொன்னா எனக்குக் கோபம் வைக்க இடமில்ல."

ஓய்வு பெற்ற பின் மைக்கைத் தொடுவதில்லை என்றிருந்தவன், பழைய கூம்பைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். நீங்கள் உங்கள் பாட்டுடன் ஆயத்தமாக நின்றீர்கள். நான் வயரைக் கழற்றினேன்.

காரணம் இதுதான். உலகத்தில் வேறெங்கும் அந்தப் பாட்டு ஒரு அஞ்சலியாக இருந்திருக்கும். இந்தக் கரையில், பிலோமினாவின் மரண அறிவித்தலுக்குப் பின் பிலோமினாவின் குரல் கேட்டால், அவர் சாகவில்லை என்று பொருள்.

நல்லடக்கத்தன்று அந்த அறிவித்தலின் முதல்முறையைச் சொன்னபோது களப்பு நிறையப் படகுகள் வந்துகொண்டிருந்தன; நீங்களும் கண்டீர்கள். தீவே திரண்டு நல்லடக்கத்துக்கு வந்தது. வானம் துப்பரவாக இருந்தது. ஒரு படகின் இயந்திரம் நின்றது. பின்னர் மற்றொன்று. இரண்டாம் முறை சொல்லி முடிப்பதற்குள் நீரின்மேல் ஓர் ஓசையும் இல்லை. மூன்றாம் முறையும் பெயருக்கு முன்னால் மூச்சு விட்டேன். அந்த மூச்சு நீண்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லி முடித்தேன்.

அவர்களுக்குச் செய்தி புதிதல்ல. அழுது, கறுப்பு உடுத்தி, பூவுடன் புறப்பட்டு வந்தவர்கள். பெயரைக் கேட்ட பின் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு கரைக்கு வருவதே முறை. ஒருவரும் போடவில்லை. படகுகள் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றன. அத்தனை முகங்களும் என் கூம்பின் பக்கம் திரும்பியிருந்தன.

மூன்றாம் முறை முடிந்ததும் அணைக்கவேண்டும் என்பது முதலாளியின் சொல். என் விரல் அணைக்கும் இடத்தில்தான் இருந்தது. அழுத்த இயலவில்லை. கூம்பு மெல்ல இரைந்துகொண்டிருந்தது; எவரோ பாடுவதற்கு முன் மூச்சு எடுப்பதுபோல. உங்கள் பாட்டைப் போட்டிருந்தால் அந்த முகங்கள் ஒரு கணம் மலர்ந்திருக்கும். கொடுத்த அந்தக் கணத்தை மறுபடி அவர்களிடமிருந்து யார் வாங்குவது?

அவர்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது அறிகிறேன்.

முன்னால் நின்ற படகில் சூசை அண்ணன் முன்முனையில், அணியத்தில் அமர்ந்திருந்தார். இப்போது அவர் படகு ஓட்டுவதில்லை, மகன் ஓட்டுகிறார். கூம்பை நீண்டநேரம் பார்த்திருந்தவர், தலையைத் தாழ்த்தி, திரும்பிப் பாராமலே கையை மட்டும் பின்னால் அசைத்தார். மகன் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தார்.

அந்த ஓசை கேட்ட பின்னரே நான் ஒலிபெருக்கியை அணைத்தேன்.